160 முறை கேமரா முன் உட்கார்ந்தவர்: ஃபிரெடரிக் டக்ளஸ் குடும்பத்துப் படங்களை எப்படிப் பார்ப்பது?

பழைய புகைப்படங்களில் ஏன் யாருமே சிரிப்பதில்லை? கேட்டால் உடனே ஒரு பதில் வரும். அந்தக் காலத்துக் கேமராவுக்கு நேரம் பிடிக்கும், அதுவரை சிரித்த முகத்தோடு அசையாமல் இருக்க முடியாது என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதி புரிய வேண்டுமானால் ஒரே ஒரு மனிதரின் படங்களைப் பார்த்தால் போதும்.

அவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1818 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். 1838 செப்டம்பர் 3 அன்று மாலுமி வேடத்தில் ரயிலேறித் தப்பினார். பிறகு தன் வாழ்நாள் முழுவதும் அடிமைமுறையை ஒழிக்கப் பேசினார், எழுதினார், பத்திரிகை நடத்தினார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்களில் அதிகம் புகைப்படம் எடுக்கப்பட்டவர் அவர்தான் என்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்துச் சொல்கிறார்கள். தனித்தனியாக 160 படங்கள் கிடைத்தன. குடியரசுத் தலைவராக இருந்த ஆபிரகாம் லிங்கனுக்கே சுமார் 130தான்.

இந்த 160இல் பல்தெரியும் சிரிப்பைத் தேடினால் கிடைக்காது. டக்ளஸ் இறந்தது 1895இல். அதற்கு வெகு நாள் முன்பே கண் இமைக்கும் நேரத்தில் படம் பிடிக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. அப்போதும் அவர் சிரிக்கவில்லை. ஆக, காரணம் கேமராவில் மட்டும் இல்லை. அந்த முகம் யோசித்து வைத்துக்கொண்ட முகம். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காலத்தில் 'படம் எடுத்துக்கொள்வது' என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

தகட்டில் பிடித்த முகம்

1839க்கு முன்னால் ஒருவர் தன் முகத்தைப் பதிந்து வைக்க வேண்டுமென்றால் ஓவியரிடம் போக வேண்டும். மணிக்கணக்கில் உட்கார வேண்டும், அதற்குத் தகுந்த பணமும் கொடுக்க வேண்டும். அவ்வளவு வசதியில்லாதவர்கள் பக்கவாட்டு முகத்தைக் கறுப்புத் தாளில் கத்தரித்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் வழியில்லாத பெரும்பாலோரின் முகம், பார்த்தவர்களின் நினைவோடு போயிற்று.

1839 ஆகஸ்ட் 19 அன்று லூயி டகேர் என்பவரின் முறை பாரிஸில் பகிரங்கமாக்கப்பட்டது. டகேரோடைப் என்று அதற்குப் பெயர். செம்புத் தகட்டின் மேல் வெள்ளி பூசி, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து மெருகேற்றுவார்கள். இருட்டில் அயோடின் ஆவி காட்டினால் வெள்ளியின் மேல் ஒளியை உணரும் ஒரு படலம் உண்டாகும். அந்தத் தகட்டைக் கேமராவில் வைத்துப் படம் பிடித்ததும் வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் பிடிக்கும்போதுதான் வெளிச்சம் பட்ட இடங்களில் பாதரசம் படிந்து முகம் தெரிய வரும். பிறகு ஹைப்போ என்ற ரசாயனக் கரைசலில் கழுவி, தங்க உப்புக் கரைசலை ஊற்றிச் சூடாக்குவார்கள். படம் நிலைத்துவிடும். பாதரச ஆவி நஞ்சு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். படம் பிடிப்பவர்கள் நாள் முழுக்க அதற்குப் பக்கத்தில்தான் வேலை செய்தார்கள்.

இதில் நெகட்டிவ் என்று எதுவும் கிடையாது. ஒரு தகடு, ஒரு படம், அவ்வளவுதான். இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி உட்கார வேண்டும், இல்லையென்றால் அந்தத் தகட்டையே படமெடுக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறியிருக்கும். சட்டைப் பொத்தான் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். விரல் பட்டால் படம் கெட்டுவிடும் என்பதால் மேலே கண்ணாடி வைத்து, பித்தளைச் சட்டம் போட்டு, மூடி வைத்த சின்னப் பெட்டியில் கொடுப்பார்கள். நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தகட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் அந்த மனிதர் தெரிவார், இன்னொரு கோணத்தில் உங்கள் முகமே தெரியும். அச்சிட்ட புத்தகமும் கணினித் திரையும் இந்த வித்தையைக் காட்டுவதில்லை.

தொடக்கத்தில் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆயின. லென்சும் ரசாயனமும் தேறத் தேற, சில ஆண்டுகளிலேயே அது ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. அப்படியும் தலை ஆடினால் முகம் கலங்கிவிடும். அதற்காகப் பின்மண்டையை லேசாகத் தாங்கும் இரும்புக் கவை ஒன்றை வைத்தார்கள். சில படங்களில் நிற்பவரின் காலுக்குப் பின்னால் அதன் அடித்தட்டு எட்டிப் பார்க்கும். அதைக் காட்டி 'இறந்தவரை நிற்க வைத்து எடுத்த படம்' என்று இணையத்தில் சுற்றுகிற கதைகளை நம்பாதீர்கள். உயிருள்ளவர் தலை ஆடாமல் இருக்க உதவும் கருவி அது. ஒரு உடலைத் தாங்கி நிறுத்தும் பலம் அதற்கு இல்லை.

இன்னொரு நுட்பம் இங்கே முக்கியம். அந்தக் காலத்துத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் அவற்றுக்கு இருட்டு. நீலக் கண் வெளிறிப் போகும். பழுப்புத் தோல் இருப்பதைவிடக் கறுத்து விழும். வெள்ளைச் சட்டைக்குச் சரியாக இருக்கும் நேரம் கறுத்த முகத்துக்குப் போதாது. முகத்துக்காக நேரத்தைக் கூட்டினால் சட்டை வெறும் வெண்திட்டாகிவிடும். ஆகவே ஒரு கறுப்பினத்தவரின் முகத்தை நெற்றிச் சுருக்கம்வரை தெளிவாகக் கொண்டுவருவதற்குக் கைத்திறன் வேண்டும், அக்கறையும் வேண்டும். ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊரில் சாமுவேல் மில்லர் எடுத்த டக்ளஸின் டகேரோடைப் அப்படிப்பட்டது. 1847க்கும் 1852க்கும் இடையில் எடுத்தது, இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. நெரிந்த புருவம், இறுகிய வாய், பக்கவகிடு எடுத்த அடர்ந்த முடி, கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை. முப்பது வயதை ஒட்டிய ஆள். பார்க்கிறவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்த வேண்டியிருக்கும்.

சிரிக்காததன் காரணம்

1840களில் அமெரிக்கச் செய்தித்தாளில் புகைப்படத்தை அப்படியே அச்சிட வழியில்லை. அந்தத் தொழில்நுட்பம் பரவியது 1880களுக்குப் பிறகுதான். அதுவரை படத்தைப் பார்த்து மரத்திலோ உலோகத்திலோ ஒருவர் செதுக்கித் தருவார், அதைத்தான் அச்சடித்தார்கள். செதுக்குகிறவர் கண்ணில் என்ன இருக்கிறதோ அதுதான் தாளில் வரும். கறுப்பின மக்கள் என்றால் தடித்த உதடும் உருட்டு விழியும் இளித்த பல்லும் போடுவது அன்றைய கேலிச்சித்திரக்காரர்களின் வாடிக்கை. மேடையில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய கூத்துகளிலும் இதே முகம்தான். 'அடிமைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்' என்று தோட்ட முதலாளிகள் சொல்லி வந்த பொய்க்கு அந்த இளிப்பு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

1848இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு நூலில் டக்ளஸின் செதுக்குப்படம் இருந்தது. அவருக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள் போட்ட படம். முகத்தில் ஒரு மெல்லிய புன்னகையையும் சேர்த்திருந்தார்கள். 1849இல் டக்ளஸ் தன் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். தப்பி ஓடிவந்த அடிமையின் முகத்தில் பொதுவாக இருக்காத அளவுக்குக் கனிவான களையை அதில் கொடுத்துவிட்டார்கள் என்று நையாண்டியாகச் சொன்னார். வெள்ளைக்கார ஓவியர்கள் கறுப்பினத்தவரைத் தம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் உருவத்தின்படிதான் வரைகிறார்கள், அவர்கள் கையால் நடுநிலையான படம் கிடைக்காது என்பது அவருடைய முறையீடு.

கேமரா அவருக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு இதுவே விடை. வரைகிறவர் மூக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். வெள்ளித் தகடு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் வாங்கிக்கொள்ளும். என்ன காட்டுவது என்பதை உட்காருகிறவர் தீர்மானித்துக்கொள்ளலாம். டக்ளஸ் தீர்மானித்தார். நல்ல கோட்டு, வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பின்னால் ஓவியத் திரை வேண்டாம், மேசையில் பூச்சாடி வேண்டாம், கையில் புத்தகம் வேண்டாம். அன்றைய ஸ்டூடியோக்களில் இதெல்லாம் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் அலங்காரங்கள். இளவயதுப் படங்களில் பெரும்பாலும் நேராக லென்ஸைப் பார்க்கிறார். வயதான பிறகுதான் பார்வை மெல்லத் திரும்பிப் பக்கவாட்டுக்குப் போகிறது.

1855இல் அவருடைய இரண்டாவது தன்வரலாறு வந்தபோது முகப்புப் படத்தை ஒரு டகேரோடைப்பை வைத்தே செதுக்க வைத்தார். 1861 டிசம்பரில் பாஸ்டனில் பேச நின்றார். அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அரங்கில் இருந்தவர்கள் போரைப் பற்றிக் கேட்க வந்தவர்கள். அவரோ படங்களைப் பற்றிப் பேசினார். படம் உண்டாக்குவது மனிதனுக்கு மட்டும் உள்ள குணம், ஒரு காலத்தில் ராஜாக்களும் சீமாட்டிகளும் காசைக் கொட்டியும் பெற முடியாத துல்லியமான உருவத்தை இன்று வாரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பணிப்பெண்ணும் பெற முடிகிறது என்றார். இப்படிப் போர்க்காலத்திலேயே புகைப்படத்தைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட சொற்பொழிவுகள் செய்திருக்கிறார். என்னைக் கேட்டால், படம் எடுத்தவர்கள் எழுதிய பலவற்றைவிட இந்தப் படம் எடுத்துக்கொண்டவரின் யோசனை ஆழமானது.

கேமரா உண்மையைத் தவிர வேறு சொல்லாது என்ற நம்பிக்கை மட்டும் கொஞ்சம் அதிகம்தான். 1850இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் ஜோசப் ஸீலி என்ற படப்பிடிப்பாளர் அடிமைகளாக இருந்த ஆண்களையும் பெண்களையும் ஆடை களைய வைத்து டகேரோடைப் எடுத்தார். எடுக்கச் சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. கறுப்பினத்தவர் வேறு வகை மனிதர்கள் என்று 'நிறுவுவது' அவர் நோக்கம். தகடு, பாதரசம், லென்ஸ் எல்லாம் அதேதான். உட்கார்ந்தவர்களுக்கு மறுக்கும் உரிமை இல்லை. 1976இல் ஹார்வர்டு அருங்காட்சியகம் ஒன்றின் பரணில் அந்தத் தகடுகள் மீண்டும் கண்ணில் பட்டன. ஒரு பழைய உருவப்படத்தைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: இதை எடுக்கச் சொன்னது யார்? படத்தில் இருப்பவரா, வேறு ஒருவரா?

நிழலை விற்றவர்கள்

டகேரோடைப்பின் காலம் நீளவில்லை. 1850களின் நடுவில் கண்ணாடியில் எடுக்கும் ஆம்ப்ரோடைப் வந்தது, பின்னாலேயே கறுப்பு அரக்குப் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் எடுக்கும் டின்டைப் வந்தது. பெயரில்தான் டின் உண்டு, தகட்டில் கிடையாது. இரண்டையும் இங்கே தாண்டிவிடலாம். உலகத்தை மாற்றியது மூன்றாவது ஒன்று.

அதன் பெயர் கார்ட் டி விசிட். பாரிஸில் டிஸ்டேரி என்பவர் 1854இல் காப்புரிமை வாங்கினார். பல லென்ஸ் வைத்த கேமராவால் ஒரே கண்ணாடி நெகட்டிவில் எட்டுச் சின்னப் படங்கள்வரை எடுத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டு, வெட்டி அட்டையில் ஒட்டுவது. அட்டை ஏறக்குறைய 4 அங்குல உயரம், 2½ அங்குல அகலம். நெகட்டிவ் இருப்பதால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம், தபாலில் அனுப்பலாம், ஆல்பத்தில் செருகலாம், விற்கலாம். 1860 வாக்கில் அமெரிக்காவில் இது பெரும் மோகமாயிற்று. சொந்தக்காரர் படத்துக்குப் பக்கத்தில் தளபதிகள், பாடகிகள், பேச்சாளர்கள் படங்களையும் மக்கள் வாங்கி வைத்தார்கள்.

தேதி கண்டுபிடிக்க ஒரு சின்னக் குறிப்பு. அட்டையின் பின்பக்கம் அமெரிக்க அரசின் வரி வில்லை (தபால்தலை போன்ற ஸ்டாம்ப்) ஒட்டியிருந்தால் அநேகமாக 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்ற படம். போர்ச்செலவுக்காகப் புகைப்படத்துக்கும் வரி போட்டிருந்த காலம் அது. அட்டை பெரிதாக, ஆறரை அங்குல உயரத்தில் இருந்தால் 1866க்குப் பிறகு வந்த கேபினெட் அட்டை.

அடிமைமுறைக்கு எதிராகப் போராடியவர்கள் இந்த அட்டையை உடனே கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சோஜர்னர் ட்ரூத் தனி ரகம். நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பின்னல் வேலையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்து படம் எடுத்து, அட்டையில் ஒரு வரியை அச்சிட்டு, கூட்டங்களில் விற்றார். 'உடலைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன்' என்பது அந்த வரி. அன்றைய ஆங்கிலத்தில் புகைப்படத்துக்கு நிழல் என்றும் பேச்சுவழக்கு உண்டு. 'நிழற்படம்' என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அந்த வரி விளக்கம் இல்லாமலே புரிகிறது. ஒரு காலத்தில் அவரையே விலைக்கு விற்றார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் அது இன்னும் கனக்கிறது. 1864இல் அந்தப் படத்துக்குத் தன் பெயரிலேயே பதிப்புரிமையும் வாங்கினார்.

மகன்களும் மகள்களும்

டக்ளஸ் தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள்: ரோசெட்டா, லூயிஸ், ஃபிரெடரிக் ஜூனியர், சார்லஸ், ஆனி. இவர்களில் லூயிஸின் படம் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

1863இல் கறுப்பின வீரர்களைச் சேர்க்க வடக்கு மாநிலங்கள் அனுமதித்ததும் டக்ளஸ் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார். முதலில் பெயர் கொடுத்தவர்களில் அவருடைய மகன்கள் சார்லஸும் லூயிஸும் இருந்தார்கள். இருவரும் மாசச்சூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார்கள். லூயிஸ் சார்ஜன்ட் மேஜர். கறுப்பினத்தவர் அங்கே எட்ட முடிந்த மிக உயர்ந்த பதவிகளில் ஒன்று. சீருடையில் அவர் எடுத்துக்கொண்ட படம் கிடைக்கிறது. அப்பாவைப் போலவே சிரிக்காத முகம், பளிச்சிடும் பித்தளைப் பொத்தான்கள்.

அந்தப் பொத்தான்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1863 ஜூலை 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஆள் சேர்க்கும் கூட்டத்தில் டக்ளஸ் சொன்னதன் சாரம் இது: கறுப்பு மனிதன் உடம்பில் அமெரிக்க அரசின் பித்தளை எழுத்துகள் ஏறட்டும், பொத்தானில் கழுகு வரட்டும், தோளில் துப்பாக்கி ஏறட்டும், அதன்பிறகு அவன் குடியுரிமையைச் சம்பாதித்துவிட்டான் என்பதை மறுக்க உலகில் எந்தச் சக்தியாலும் முடியாது. கழுகுப் பொத்தான் என்று அவர் மேடையில் சொன்னபோது மகன் அதைப் போட்டுக்கொண்டு தெற்கே நின்றிருந்தான். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 18 அன்று, தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையை 54ஆம் படை தாக்கியது. சுமார் 600 பேர் பாய்ந்ததில் 270க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். லூயிஸ் உயிர் தப்பினார். இரண்டு நாள் கழித்துக் காதலி அமெலியா லோகனுக்கு எழுதிய கடிதத்தில், அடுத்த சண்டையில் விழுந்தால் எதிரியைப் பார்த்தபடி விழ வேண்டும் என்று ஆசைப்படுவதாகச் சொன்னார். இத்தனைக்கும் வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். 54ஆம் படையினர் அந்தக் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்துவிட்டார்கள்.

சீருடைப் படம் ஆல்பத்தில் செருகும் ஒரு அட்டைதான். ஆனால் தன் பேச்சுக்கு மகனின் உடம்பையே சாட்சியாக வைத்த ஒரு அப்பாவின் வீட்டு அட்டை அது.

கடைக்குட்டி ஆனியின் கதை அதற்கு முந்தையது. 1858இல் ராச்செஸ்டர் நகரில் டக்ளஸ் வீட்டில் ஜான் பிரவுன் சில வாரங்கள் தங்கியிருந்தார். ஆயுதம் எடுத்தே அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்று நம்பிய வெள்ளையர். ஆனிக்கு அவர்மீது பிரியம். (பிரவுனின் பழைய டகேரோடைப் ஒன்றும் புகழ்பெற்றது: ஒரு கையைச் சத்தியம் செய்வதுபோல உயர்த்தியபடி நிற்பார். 1846–47இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் அதை எடுத்தவர் அகஸ்டஸ் வாஷிங்டன் என்ற கறுப்பினப் படப்பிடிப்பாளர். பிற்பாடு லைபீரியாவில் குடியேறி அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கும் போனவர்.) 1859 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிப் பிடிபட்ட பிரவுன் டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். கூட்டாளி என்று தன்னையும் கைது செய்வார்கள் என்பதால் டக்ளஸ் கனடா வழியாக இங்கிலாந்து போய்விட்டார். அவர் அங்கே இருக்கும்போது, 1860 மார்ச்சில், ஆனி இறந்தாள். பத்து வயது. செய்தி கேட்டு அப்பா ஊர் திரும்பினார்.

இரண்டாம் கல்யாணமும் ஒரு அருவியும்

முதல் மனைவி அன்னா 1882இல் காலமான பிறகு, 1884 ஜனவரியில் டக்ளஸ் ஹெலன் பிட்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். பட்டம் பெற்றவர், டக்ளஸின் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். இரண்டு பக்கத்துச் சொந்தமும் கொதித்தது. டக்ளஸின் பதில் பிரபலம்: முதல் மனைவி என் அம்மாவின் நிறம், இரண்டாம் மனைவி என் அப்பாவின் நிறம். அவருடைய தந்தை ஒரு வெள்ளையர் என்று சொல்லப்பட்டு வந்ததை ஊரறியச் சொல்லிக் காட்டிய பேச்சு.

இந்தத் தம்பதியின் ஸ்டூடியோ படம் ஒன்றில் இருவரும் உட்கார்ந்திருக்க, ஹெலனின் சகோதரி ஈவா பின்னால் நிற்கிறார். அந்த ஒரு ஆள் நிற்பதில் நிறைய இருக்கிறது. வீட்டில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் இருந்தார்கள், இவர் வந்து நின்றார். அதே ஆண்டு நயாகரா அருவிக்கு முன்னால் சுற்றுலாப் பயணிகளைப் போலத் தம்பதி எடுத்துக்கொண்ட படமும் இருக்கிறது. கலப்புத் திருமணம் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றமாக இருந்த நாட்டில், எல்லோரையும் போல அருவி பார்க்கப் போனோம் என்று சாதாரணமாகச் சொல்கிற படம். அவருடைய 160இல் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அது ஒன்று.

பேரன் ஜோசப்போடு 1894இல் எடுத்த படத்தையும் விடக்கூடாது. ஜோசப் சார்லஸின் மகன், பெயர் பெற்ற வயலின் கலைஞர். டக்ளஸுக்கும் வயலின் வாசிக்கத் தெரியும். அந்தக் கலையைப் பேரன் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார்.

ஆல்பத்தின் காலி இடங்கள்

இவ்வளவு படங்களைப் பார்த்துவிட்டு அன்னாவைத் தேடினால் மனம் சுணங்குகிறது.

அன்னா மர்ரே மேரிலாந்தில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்தவர், பால்டிமோரில் வீட்டு வேலை பார்த்தவர். டக்ளஸ் தப்புவதற்குத் தன் சேமிப்பைக் கொடுத்தார், இறகு மெத்தையை விற்றார், மாலுமி உடையைத் தயார் செய்து தந்தார். டக்ளஸ் நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் பின்னாலேயே போய், பன்னிரண்டாம் நாள் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் ஊர் ஊராகவும் கடல் தாண்டியும் பேசப் போன ஆண்டுகளில் செருப்புத் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ராச்செஸ்டர் வீட்டுக்கு நள்ளிரவில் வந்து சேர்ந்த தப்பியோடிய அடிமைகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துக் கனடாவுக்கு அனுப்பி வைத்ததும் அவர்தான். சரளமாகப் படிக்க அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

கணவருக்கு 160 படம். அன்னாவின் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பரவலாகக் கிடைக்கும் படத்தில் கறுத்த உடையில் தனியாக இருக்கிறார், அதே சிரிக்காத முகம். டக்ளஸின் சிரிக்காத முகத்துக்கு விளக்கம் சொல்ல அவரே எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அன்னாவின் முகத்துக்கு மகள் ரோசெட்டா 1900இல் அம்மாவை நினைத்து எழுதிய ஒரு சிறு கட்டுரைதான் துணை. பொதுவெளியில் பேசினவருக்குப் படம் தேவைப்பட்டது, ஸ்டூடியோக்களும் அவரைக் கூப்பிட்டன. வீட்டைத் தாங்கினவரை யாரும் கூப்பிடவில்லை. இதற்கு டக்ளஸை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அவருடைய படக் கொள்கையில் இந்த ஓட்டை இருந்தது என்பதை மறைப்பதும் நியாயமாகாது.

அன்னாவுக்காவது சில படங்கள் உண்டு. டக்ளஸின் அம்மா ஹாரியட் பெய்லிக்கு ஒன்றும் இல்லை. மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவரைப் பிள்ளையிடமிருந்து பிரித்து, பன்னிரண்டு மைல் தள்ளி இருந்த வயலில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நாள் முழுதும் வேலை செய்துவிட்டு இரவில் நடந்து வந்து பிள்ளையைப் படுக்க வைத்து, விடியுமுன் திரும்பிவிடுவார். அப்படி நாலைந்து முறைதான் அம்மாவைப் பார்த்ததாக டக்ளஸ் எழுதியிருக்கிறார். அவருக்கு ஏழு வயது வாக்கில் அம்மா இறந்தார். டகேரின் தகடு வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. வந்திருந்தாலும் வயலில் வேலை செய்த ஓர் அடிமைப் பெண்ணை யார் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்?

வளர்ந்து பெரியவரான பிறகு, மனித இனங்களைப் பற்றி பிரிச்சர்ட் என்பவர் எழுதிய ஆங்கில நூல் ஒன்றைப் புரட்டும்போது அதில் ஒரு தலையின் சித்திரத்தைப் பார்த்தார். பழைய எகிப்திய அரசன் ஒருவனின் உருவம் அது. அம்மாவின் முகச்சாயல் அதில் அப்படியே இருப்பதாக அவருக்குப் பட்டது. மற்றவர்கள் இறந்துபோன சொந்தங்களின் படத்தைப் பார்க்கும்போது என்ன உணர்வார்களோ, கிட்டத்தட்ட அதே உணர்வோடு அடிக்கடி அந்தச் சித்திரத்துக்குத் திரும்பிப் போவதாக 1855இல் எழுதினார். வாசகர்கள் தேடிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பக்க எண்ணையும் கொடுத்திருக்கிறார்: 157.